கரணையும் விதையும்: கோயம்புத்தூர்க் கரும்பு வளர்ந்த வரலாறு

கரும்பு விதை தூவி வளர்க்கும் பயிர் அல்ல. முற்றிய கரும்பை இரண்டு மூன்று பரு உள்ள கரணைகளாக நறுக்கிப் பாரில் பதித்தால், ஒவ்வொரு பருவிலிருந்தும் ஒரு முளை கிளம்பித் தூர் கட்டும். வெட்டிய பிறகு மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்தே மறுதாம்பு தழைக்கும். இந்தச் சுற்றில் பூவுக்கோ மகரந்தத்துக்கோ வேலை இல்லை. கரணையிலிருந்து வரும் கரும்பு, வெட்டப்பட்ட கரும்பின் உடலிலிருந்து நீண்ட ஒரு துண்டுதான். மரபணுக்களின் அளவில் இரண்டும் ஒன்றே.

தடித்த, சாறு மிகுந்த கரும்பை முதலில் பயிராக்கியவர்கள் நியூகினித் தீவின் மக்கள். அங்கிருந்து அது தீவு தீவாகப் பரவி ஆசியாவுக்கு வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழ் நிலத்துக்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வட இந்தியாவில் வேறொரு வகை நிலைத்தது: விரல் பருமனே உள்ள, நார் மிகுந்த, ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும் மெல்லிய கரும்பு. தடித்ததோ மெல்லியதோ, ஊர் விட்டு ஊர் போன கரும்பெல்லாம் கரணையாகவே போயிற்று. பூ வழியே நடக்கும் பாலினப்பெருக்கத்தை உழவர் பயன்படுத்தாததால், கண்ணில் பட்ட ஒரு புது வகையைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு இருந்த வாய்ப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்று: சடுதி மாற்றம்.

ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் அதன் டி.என்.ஏ. முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலெடுக்கும் நொதிகள் மிகக் கவனமானவை. பிழை விழுந்தால் உடனே திருத்துபவை. ஆயினும் அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும், சில எழுத்துகள் விடுபடும், அல்லது ஒரு துண்டு இரட்டித்துவிடும். கதிர்வீச்சும் சில வேதிப்பொருள்களும் இந்தப் பிழைகளைக் கூட்டும். திருத்தப்படாமல் நிலைத்துவிட்ட பிழையே சடுதி மாற்றம். அதனால் அதுவரை அந்தச் செடியில் இல்லாத ஒரு மரபணு வடிவம் உண்டாகிறது. இதற்கு இனப்பெருக்கமே தேவையில்லை. இலையில், தண்டில், பருவில், எந்தச் செல்லிலும் எப்போதும் அது நேரலாம்.

கரும்புத் தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில வகைகளின் தண்டில் கருஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் நீளக் கோடுகளாக ஓடும். அப்படிப்பட்ட ஒரு தூரில் எப்போதாவது ஒரு தண்டு மட்டும் கோடே இல்லாமல் முழுக் கருஞ்சிவப்பாகவோ முழு வெளிறலாகவோ எழும்பும். பக்கத்துத் தண்டுகள் பழையபடியே கோடோடு நிற்கும். வேரும் மண்ணும் நீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அந்த ஒற்றைத் தண்டை வெட்டித் தனியே நட்டால் அதன் நிறம் அடுத்தடுத்த பயிரிலும் மாறாது. ஜாவாவின் செரிபோன் கரும்பில் கோடுள்ளது, கறுப்பு, வெளிறியது என்ற மூன்றும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக இப்படிப் பிரிந்தவையே. மொரீஷியஸில் தன்னா என்ற வகையிலும் இதே கதை நடந்தது. தண்டின் வளர்நுனியில் செல்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மாற்றம் வெளியடுக்கில் மட்டும் விழுந்தால் தோலின் நிறம் மாறும். மகரந்தமும் சூலும் உள்ளடுக்கிலிருந்து உருவாவதால் அந்த மாற்றம் விதை வழியே போகாமலே நின்றுவிடவும் கூடும். கரணை வழியே மட்டும் வாழும் மாற்றம் அது.

இந்த வழியில் கரும்பு மிக மெல்ல மாறியது. பயனுள்ள மாற்றம் அரிது. வந்ததும் பெரும்பாலும் நிறம், தோலின் தன்மை போன்ற ஒற்றைப் பண்பைத் தொடுவதாகவே இருந்தது. இனிப்பு ஒரு கரும்பிலும் நோய் எதிர்ப்பு இன்னொரு கரும்பிலும் இருந்தால், இரண்டையும் ஒரே செடியில் சேர்க்கக் கரணையால் ஒருபோதும் முடியாது. அதன் விலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெரிந்தது. 1880களில் ஜாவாவின் தோட்டங்களை சேரே என்ற நோய் வாரிக்கொண்டு போயிற்று. கோதாவரிப் படுகையின் கரும்பைச் செவ்வழுகல் நோய் அழித்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த வாடை அடிக்கும் அந்த நோயை ஆராயவே 1902-இல் சாமல்கோட்டையில் ஓர் ஆய்வுப் பண்ணை தொடங்கப்பட்டது. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே செடியின் துண்டுகளை நட்டிருந்தால், ஒன்றைத் தாக்கத் தெரிந்த நோய்க்கு மற்ற அனைத்தும் திறந்த வீடு. புகழ்பெற்ற வகைகள் பல விழுந்தது இந்தக் காரணத்தால்தான்.

கரும்பு பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிநிறப் பஞ்சுபோல் நுனியில் விரியும் கதிரைப் பார்த்த உழவர், சர்க்கரைச் சத்து இறங்கிவிடுமே என்றுதான் கவலைப்பட்டார். அந்தப் பஞ்சுக்குள் முளைக்கும் விதை உண்டு என்பதை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டது மிகப் பிந்தித்தான். ஜாவாவில் 1887-இல் சோல்ட்வெடல் கரும்பு விதையை முளைக்கவைத்தார். அதை அறியாமலே பார்படோஸில் ஹாரிசனும் போவெலும் 1888-இல் தோட்டத்தில் தானாய் முளைத்த நாற்றுகளை இனங்கண்டார்கள். அந்த நாற்றுகளில் ஒன்றுகூடத் தாயைப்போல இல்லை. தங்களுக்குள்ளும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. உயரம், பருமன், நிறம், சாறு எல்லாம் வெவ்வேறாக இருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கரணை காட்டாத வேறுபாட்டை ஒரே ஒரு பூங்கதிர் காட்டிற்று.

அந்த வேறுபாடு சடுதி மாற்றத்தால் வந்ததல்ல. பூவில் மகரந்தமும் சூல்செல்லும் உருவாகும்போது குன்றல் பகுப்பு என்ற தனிவகைச் செல் பிரிவு நடக்கிறது. கரணையில் பரு முளைக்கையில் நடப்பது நகலெடுத்து இரண்டாய்ப் பிரியும் சாதாரணப் பகுப்பு. அங்கே மகள்செல் தாய்ச்செல்லின் படி. குன்றல் பகுப்பில் குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகிறது. பாதியாவதற்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையோடு நீளவாக்கில் ஒட்டி நிற்கிறது. அந்த நேரத்தில் செல், ஸ்போ11 என்ற புரதத்தைக் கொண்டு தன் டி.என்.ஏ.வைத் தானே பல இடங்களில் வெட்டுகிறது. வெட்டுண்ட இழை, பக்கத்தில் நிற்கும் இணையின் இழையை வைத்துச் செப்பனிடப்படும்போது சில இடங்களில் இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதுவே குறுக்கே கலத்தல். பிறகு இணைகள் பிரிகையில், எந்த இணையில் எது எந்தப் பக்கம் போகும் என்பதும் ஒன்றையொன்று சாராமல் அமைகிறது. தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள், அதாவது 40 இணைகள் உண்டு. குறுக்கே கலத்தலைக் கணக்கில் எடுக்காமலே அவை பிரியும் விதங்கள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். துண்டு மாறுவதும் இணைகள் கலைந்து பிரிவதும் சேர்ந்ததே மரபணு மறுசேர்க்கை.

பனையோலை ஏடுகளைப் படியெடுத்த காலத்தை வைத்து இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கலாம். எழுத்தாணி தவறி ஓர் எழுத்து மாறினால், முன்பு எந்தச் சுவடியிலும் இல்லாத ஒரு பாடம் பிறக்கிறது. அது சடுதி மாற்றம். ஒரே நூலின் இரண்டு படிகளை அவிழ்த்து, ஒன்றின் முன்பாதி ஏடுகளையும் மற்றொன்றின் பின்பாதி ஏடுகளையும் கோத்துக் கட்டினால் புதுச் சுவடி கிடைக்கிறது. ஆனால் அதில் புதிதாக எழுதப்பட்ட எழுத்து ஒன்றும் இல்லை. அது மறுசேர்க்கை.

வேறுபாடு இன்னும் சில இடங்களில் ஆழமாகப் போகிறது. சடுதி மாற்றம் செல்லின் ஒழுங்குக்கு மீறி நேரும் விபத்து; அதைத் தடுக்கச் செல் பாடுபடுகிறது. மறுசேர்க்கையோ செல் தானே ஏற்பாடு செய்து, உரிய நொதிகளை வைத்து, உரிய நேரத்தில் நடத்தும் வேலை. இணைகளுக்கிடையே ஒரு குறுக்குப் பிணைப்பாவது விழாவிட்டால் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் இனச்செல் கெட்டுப்போகும் அளவுக்கு அது அவசியம். சடுதி மாற்றம் எந்தச் செல்லிலும் நேரலாம். இந்த ஒழுங்கான மறுசேர்க்கை இனச்செல் உருவாகும் இடத்தில்தான் நடக்கும். எவ்வளவு அடிக்கடி என்பதிலும் பெரிய இடைவெளி உண்டு. மனிதரில் ஒரு குழந்தை, பெற்றோரிடம் இல்லாத 60, 70 எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது; 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளில் இது அற்பம். அதே குழந்தை பெறும் குரோமோசோம்களில் பெரும்பாலானவை பாட்டன் பாட்டியின் துண்டுகள் மாறிக் கோக்கப்பட்டவை. இரண்டுக்கும் பொதுவான ஒன்றும் உண்டு: எதுவும் செடியின் தேவையறிந்து நடப்பதில்லை. பயனுள்ளது எது என்பதைப் பின்னால் வரும் தேர்வுதான் தீர்மானிக்கிறது.

கரும்பு வளர்ப்பவர்கள் நாற்றுகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய அந்த ஆண்டுகளில் அறிஞர்களிடையேயும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கவில்லை. 1901-இல் ஹாலந்தின் ஹியூகோ டி விரீஸ், அந்திப்பூச் செடிகளில் திடீரெனத் தோன்றிய புது வடிவங்களைக் கண்டு சடுதி மாற்றக் கொள்கையை வெளியிட்டார். அவர் கண்ட வடிவங்களில் பெரும்பாலானவை, அந்தச் செடியின் குரோமோசோம்கள் விசித்திரமாகப் பின்னிக்கிடப்பதால் உண்டான மறுசேர்க்கைகளும் குரோமோசோம் எண்ணிக்கை மாற்றங்களுமே என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910-இல் வெண்கண் பழ ஈயைக் கண்டார். அது உண்மையான சடுதி மாற்றம். அந்தப் பண்பு வேறு பண்புகளோடு எவ்வளவு ஒட்டிப் போகிறது, எவ்வளவு பிரிகிறது என்று எண்ணிப் பார்த்ததில் குறுக்கே கலத்தல் வெளிப்பட்டது. மார்கனின் மாணவர் ஸ்டர்டிவண்ட் 1913-இல், கலக்கும் விகிதத்தைத் தூரமாகக் கொண்டு ஆறு மரபணுக்களை ஒரு கோட்டில் வரிசைப்படுத்தினார். சடுதி மாற்றம் அடையாளத்தைத் தந்தது. மறுசேர்க்கை அடையாளங்களுக்கிடையே உள்ள தூரத்தைத் தந்தது. இரண்டும் இருந்தால்தான் வரைபடம்.

அதற்கு ஓராண்டு முன்னதாகவே கோயம்புத்தூரில் வேறொரு வேலை தொடங்கிவிட்டது. அந்நாளில் இந்தியச் சந்தையை ஜாவாச் சர்க்கரை நிறைத்திருந்தது. நாட்டின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதி வடக்கே இருந்தும், அங்கு விளைந்த மெல்லிய கரும்பு ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை. 1911-இல் பேரரசுச் சட்டமன்றத்தில் மதன் மோகன் மாளவியா இதை எழுப்பினார். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் கோயம்புத்தூரில் அமைந்தது. வடக்கின் கரும்புக்காகத் தெற்கே நிலையம் வைத்ததற்குக் காரணம் பூதான். வடக்கே கரும்பு பூப்பது அரிது, பூத்தாலும் விதை பிடிக்காது. கோயம்புத்தூரில் ஐப்பசி, கார்த்திகையில் அது நன்றாகப் பூத்து விதை கட்டும். குன்றல் பகுப்பு ஒழுங்காக நடந்து முடியும் தட்பவெப்பம் எந்த ஊரில் இருக்கிறது என்பதே அந்த நிலையத்தின் இடத்தை முடிவு செய்தது எனலாம்.

நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்து, சாமல்கோட்டையில் செவ்வழுகலோடு போராடியவர் அவர். அவருக்குத் துணையாக வந்தவர் டி. எஸ். வெங்கடராமன். இருவரும் செய்த துணிச்சலான காரியம், இனிப்புக் கரும்பை நாணலோடு கலந்தது. தாயாக எடுத்தது வெள்ளை என்ற உள்ளூர்த் தடித்த கரும்பு. தந்தையாக எடுத்தது ஓடைக்கரைகளில் தானாக வளரும், சாறே இல்லாத காட்டு இனம். தாவரவியலார் சக்காரம் ஸ்பான்டேனியம் என்று அழைப்பது. அந்தக் காட்டுப் புல்லிடம் இனிப்பு இல்லை. ஆனால் குளிர், வறட்சி, நீர்த்தேக்கம் எல்லாவற்றையும் தாங்கிப் பல்லாயிரம் ஆண்டுகளில் சடுதி மாற்றம் சேர்த்துவைத்த மரபணு வடிவங்கள் இருந்தன. களையென்று வெட்டி எறியப்பட்ட ஒன்றில் இதைப் பார்த்த கண் பெரிய கண்.

கலப்பு வேலை நிதானம் கேட்பது. கரும்பின் பூ இருபாற் பூ. ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் இருப்பதால் தன்னைத்தானே சூலுறச் செய்துகொள்ளும். ஆகவே மகரந்தம் வீரியமற்ற வகையைத் தாயாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு துளி அயோடினில் மகரந்தத்தைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகும். வெறும் மகரந்தம் நிறம் ஏறாமல் சுருங்கிக் கிடக்கும். தாய்க்கதிரைத் துணிக்கூண்டால் மூடி, அதிகாலையில் பூ விரியும் நேரத்தில் தந்தைக் கதிரின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்ப்பார்கள். இரண்டு வகைகளும் ஒரே நாளில் பூக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே வயலில் அடுத்தடுத்து நிற்பதும் இல்லை. பூத்த தண்டின் கணுக்களைச் சுற்றி மண்கட்டி வேர்விடச் செய்து, அந்தத் தண்டையே வெட்டிக் கொண்டுபோய் வைக்கும் முறை இதற்கு உதவிற்று. விதை முற்றியதும் பஞ்சோடு சேர்த்து உதிர்த்துத் தொட்டியில் பரப்பி மூடாமல் நீர் தெளித்தால், சில நாளில் புல் முளைத்ததுபோல் பசுமை கட்டும். பூத்தூளைவிடச் சற்றே பெரிதான அந்த விதை ஒவ்வொன்றிலும் முன்பு உலகில் இல்லாத ஒரு சேர்க்கை இருக்கிறது.

ஆயிரக்கணக்கான நாற்றுகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஒன்று, கோ 205 என்ற பெயரில் 1918-இல் பஞ்சாப் உழவர் கைக்குப் போயிற்று. பழைய வடநாட்டுக் கரும்பைவிட அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. காட்டு இனத்தோடு கலந்து வணிகப் பயிராக நிலைத்த முதல் கரும்பு அதுவே. சடுதி மாற்றத்துக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு எதிரே, கலப்புக்கு ஆன காலம் ஆறே ஆண்டு.

இங்கே கரும்புக்கே உரிய ஒரு வசதி கைகொடுத்தது. நெல்லிலோ கம்பிலோ நல்ல சேர்க்கை ஒன்று அமைந்தால், அதன் விதையை விதைத்ததும் மீண்டும் குன்றல் பகுப்பு வந்து அந்தச் சேர்க்கையைக் கலைத்துவிடும். பல தலைமுறை தேர்ந்து நிலைப்படுத்த வேண்டும். கரும்பில் அந்தக் கவலை இல்லை. பூவைத் திறந்து மறுசேர்க்கையை ஒருமுறை நடக்கவிட்டு, பிடித்த நாற்றைக் கண்டதும் பூவை மூடிவிட்டுக் கரணைக்குத் திரும்பலாம். அதன்பின் அந்தச் சேர்க்கை கலையவே கலையாது. தடையாக இருந்த கரணையே பூவுக்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டதும் பெரிய துணையாயிற்று.

கரும்பின் குன்றல் பகுப்பில் ஒரு விந்தையும் வெளிப்பட்டது. ஜாவாவில் பிரெமர் 1920களில் குரோமோசோம்களை எண்ணியபோது, தடித்த கரும்பைத் தாயாகவும் காட்டுக் கரும்பைத் தந்தையாகவும் வைத்த கலப்பில் தாய் பாதியைத் தராமல் முழுத் தொகுதியையும் தந்துவிடுவதைக் கண்டார். 80 குரோமோசோம் உள்ள தாயும் 64 உள்ள கோயம்புத்தூர்க் காட்டுக் கரும்பும் சேர்ந்தால் 40-உம் 32-உம் கூடி 72 வரவேண்டும். வருவதோ 80-உம் 32-உம் கூடிய 112. இனிப்பின் பங்கு இதனால் ஒரே தலைமுறையில் ஓங்கிவிடுகிறது. மீண்டும் மீண்டும் தடித்த கரும்போடு கலந்து காட்டு இயல்பைக் குறைத்து, அதன் வலிமையை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையை ஜாவாக்காரர்கள் வகுத்தார்கள். அங்கே தானாக அமைந்த கஸோர் என்ற கலப்பு அதற்கு மூலமாயிற்று. 1921-இல் யெஸ்வீட் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜாவாவின் தோட்டங்களை ஏறக்குறைய முழுதுமே பிடித்துக்கொண்டது. சேரே நோயின் பயம் ஒழிந்தது.

பார்பர் 1919-இல் சென்றபின் வெங்கடராமன் தலைமையேற்று 1942 வரை நடத்தினார். பார்பர் முதல் சுற்றில் இரண்டு இனங்களைக் கலந்தார் என்றால், வெங்கடராமன் காலத்தில் தடித்த கரும்பு, வடநாட்டு மெல்லிய கரும்பு, காட்டுக் கரும்பு மூன்றும் ஒரே செடியில் சேர்ந்தன. அந்த மெல்லிய கரும்புகளே எப்போதோ கவனிப்பாரற்று நடந்த தற்செயல் கலப்பின் பிள்ளைகள் என்பதை மரபணு ஆய்வுகள் பின்னாளில் காட்டின. பார்பரைச் சிறப்பித்து அந்த இனத்துக்கு சக்காரம் பார்பெரி என்று பெயர். ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878-உம் கோயம்புத்தூரின் கோ 290-உம் கலந்து பிறந்த கோ 419 தென்னிந்திய வயல்களை நீண்ட காலம் ஆண்டது. 1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் ஆலைகள் பெருகின. சுமார் 30 ஆலைகள் இருந்த நாட்டில் ஐந்தாண்டுக்குள் 130-க்கும் மேல் எழுந்தன. சுங்கவரி ஆலையை எழுப்பியது. அந்த ஆலைகளுக்கு அரைக்கக் கரும்பு தந்தவை கோ வகைகள்.

கோயம்புத்தூர் விதை கடலும் கடந்தது. கோ 281 லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயிரானது. கோ 421-ஐயும் கோ 312-ஐயும் கோயம்புத்தூரில் கலந்து, பூம்பஞ்சை விதையோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பினார்கள். அங்கே முளைத்த நாற்றுகளில் தேர்ந்த என்.கோ. 310, 1945 முதல் தென்னாப்பிரிக்காவிலும் பின்னர் தைவானிலும் ஒகினாவாவிலும் பரவிற்று. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப்போன தமிழர் உழைத்த அதே நேட்டால் மண் அது. கரணையை அனுப்பினால் நோயும் கூடப் போகும், ஒரே வகைதான் போய்ச்சேரும். ஒரு சிறு பொட்டலம் பஞ்சை அனுப்பினால் ஆயிரம் சேர்க்கைகள் போகும். எது அந்த மண்ணுக்கு ஏற்றது என்பதை அந்த மண்ணே தேர்ந்துகொள்ளும்.

1934 முதல் 1939 வரை இந்த நிலையத்தில் மரபியலாளராக இருந்தவர் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். கரும்பின் செல்லுக்குள் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து, எது எதனோடு இணையும், எங்கே குன்றல் பகுப்பு தடுமாறும் என்பதை அவர் வகைப்படுத்தினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல்லினங்களோடும் கலந்தார். வெங்கடராமனும் சோளத்தோடும் மூங்கிலோடும் கலப்பு செய்தவர். அந்தத் தூரத்துக் கலப்புகள் வயலுக்கு வரவில்லை. ஆனால் மறுசேர்க்கையின் எல்லையைக் காட்டின. இரண்டு குரோமோசோம்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்தால்தான் துண்டு மாறும். உறவு விலக விலக இணைவது குறையும். ஒரே செல்லுக்குள் இருந்தும் கலக்காமல் பக்கம் பக்கமாகக் கிடக்கும். ஜானகி அம்மாள் பிறகு இங்கிலாந்துக்குப் போய் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் கையாளப்பட்டது. இந்த நிலையத்தின் வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுதாகச் சொல்லப்படவில்லை என்பதே உண்மை.

1990களில் ஒவ்வொரு இனத்தின் டி.என்.ஏ.வையும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரச் செய்யும் முறை வந்தபோது, பார்பரும் யெஸ்வீட்டும் செய்ததை நேரிலேயே பார்க்க முடிந்தது. ரீயூனியன் தீவின் ஆர் 570 என்ற இன்றைய கரும்பில் பெரும்பாலான குரோமோசோம்கள் தடித்த கரும்பின் நிறத்தில் ஒளிர்ந்தன. சுமார் பத்தில் ஒரு பங்கு காட்டுக் கரும்பின் நிறம். இன்னொரு பத்தில் ஒரு பங்கு, ஒரே குரோமோசோமில் பாதி ஒரு நிறமும் பாதி மறு நிறமுமாக இருந்தது. நிறம் மாறும் அந்த எல்லைக்கோடு, எப்போதோ ஒரு பூவில் குறுக்கே கலத்தல் நடந்த இடம்.

சடுதி மாற்றத்துக்கும் மறுசேர்க்கைக்கும் நடுவில் வரையும் கோடு எல்லா இடத்திலும் அழுத்தமானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இணைகள் ஒழுங்காகப் பொருந்தாமல் சற்று நழுவி நிற்கையில் குறுக்கே கலந்தால், ஒரு குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்து மற்றதில் விடுபட்டுப்போகும். 1925-இல் ஸ்டர்டிவண்ட் பழ ஈயின் ஒடுங்கிய கண்ணில் இதைக் காட்டினார். அங்கே மறுசேர்க்கையே சடுதி மாற்றத்தைப் பிறப்பிக்கிறது. ஒரு மரபணுவின் நடுவிலேயே வெட்டு விழுந்து கலந்தாலும் முன்பு இல்லாத ஒரு வடிவம் உண்டாகலாம். ஆனால் ஒழுங்காக நடக்கும் கலத்தலின் கணக்கு மாறுவதில்லை: உள்ளதை அது இடம் மாற்றும், இல்லாததைக் கொண்டுவராது.

அதனாலேயே இல்லாததைக் கொண்டுவரும் வழியும் தேடப்பட்டது. எக்ஸ் கதிர்கள் சடுதி மாற்றத்தைப் பெருக்கும் என்று 1927-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈயில் நிறுவினார். கரும்பிலும் கரணைப் பருக்களைக் காமா கதிருக்கு உட்படுத்தி, பூக்காத வகை, நோய் தாங்கும் வகை என்று தேடிப் பார்த்தார்கள். நல்ல வகையொன்றில் ஒரே ஒரு குறையை நீக்க வேண்டுமானால் இது ஏற்ற வழி. மற்ற பண்புகளைக் கலப்பு கலைப்பதுபோல் கலைக்காது. எனினும் ஒவ்வொரு மரபணுவுக்கும் பல படிகள் உள்ள கரும்பில், ஒரு படி கெட்டால் மற்றவை ஈடுகட்டிவிடும். மாற்றம் வெளியே தெரிவதே கடினம். வளர்நுனியின் ஓர் அடுக்கில் மட்டும் மாற்றம் விழுந்து பிறகு மறைந்துபோவதும் உண்டு. உலகின் கரும்பு வயல்களில் இன்று நிற்பவை ஏறக்குறைய எல்லாமே கலப்பில் வந்தவை.

கலப்புக்கு மூலப்பொருள் வேண்டும். இன்றைய கரும்பு வகைகள் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட சில பெற்றோரின் வழிவந்தவை. எத்தனை முறை கலைத்துக் கோத்தாலும் அதே சில சுவடிகளின் ஏடுகள்தான். எனவே நாணலையும் காட்டு இனங்களையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்க்கும் பணி தொடர்ந்தது. உலகக் கரும்புத் தொகுப்புகள் இரண்டில் ஒன்று ஃபுளோரிடாவில் இருக்கிறது. மற்றொன்று கோயம்புத்தூர் நிறுவனத்தின் கண்ணூர் மையத்தில், 3,000-க்கும் மேற்பட்ட வகைகளோடு கரணை கரணையாகப் பேணப்படுகிறது. தேடி அடைந்த மரபணு வடிவங்கள் அழியாமல் இருக்கக் கரணையும், அவை ஒன்றோடொன்று சேரக் கோயம்புத்தூரின் பூவும் வேண்டியிருக்கின்றன.

நிலையம் 1969-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 2000-இல் வெளிவந்த கோ 86032 தமிழ்நாட்டு உழவர் பெரிதும் நடும் கரும்பாயிற்று. நிலையத்தின் கர்னால் மையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு 2009-இல் வெளிவந்த கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளிலேயே பிடித்தது. ஒரே வகை அவ்வளவு பரப்பில் நின்றபோது, சாமல்கோட்டையில் பார்பர் சந்தித்த அதே செவ்வழுகல் மீண்டும் தலைதூக்கியது. பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கும் உயிர்; கரணையில் உறைந்து நிற்கும் கரும்பு அதற்கேற்ப மாற முடியாது. கோ 0238 நின்ற வயல்களில் இப்போது வேறு வகைகளை நடச் சொல்கிறார்கள். அவையும் பெரும்பாலும் கோயம்புத்தூரில் ஐப்பசி, கார்த்திகையில் பூத்த கதிர்களின் விதையிலிருந்து எடுத்தவையே.